சூலூர் பக்கம் 40 சென்டில் நாய், பூனை காப்பகம்: பிளான் சரியா? தத்தெடுக்க ஆள் வர என்ன செய்யணும்?

சூலூர்_அறக்கட்டளை:

வணக்கம். கோவை சூலூர் பக்கம் எங்கள் அறக்கட்டளைக்கு 40 சென்ட் நிலம் கிடைத்திருக்கிறது. தெற்கே ரோடு, வடக்கே 200 அடி தள்ளி வீடுகள். கைவிடப்பட்ட நாய், பூனைகளுக்குக் காப்பகம் கட்டப்போகிறோம். அடைத்து வைத்துச் சோறு போடுவதோடு நிற்கக்கூடாது. ஜனங்கள் குடும்பத்தோடு வந்து பார்த்து, பழகி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற இடமாக இருக்கவேண்டும்.

இன்ஜினியர் கொடுத்த பிளான்: நடுவில் 5 அடி நடை, இரண்டு பக்கமும் எதிரெதிரே முப்பது முப்பதாக 60 கூண்டு, ஒவ்வொன்றும் 4க்கு 4. மேலே தகர ஷீட், கீழே சிமென்ட் தரை. முன்னால் ஆபீஸ், கடைசியில் நோய்வாய்ப்பட்ட நாய்களுக்கு ஒரு அறை. பூனைக்கு மாடியில் ஒரு ஹால். மாதம் 35 முதல் 40 நாய் வரும், பூனை 20 வரை இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். தெருநாய் கருத்தடை வேலையும் பின்னாளில் எங்களிடம் வரலாம்.

இதில் எதை மாற்றவேண்டும்? சத்தத்தால் வடக்கு வீட்டுக்காரர்களிடம் தகராறு வராமல் இருக்க வழி உண்டா? வருகிறவர் எந்த வழியாக வந்து எதைப் பார்க்கவேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நல்லது.

---

செங்கல்சூளை:

இந்த பிளானை அப்படியே கட்டினால் நாய்ப்பட்டியாகத்தான் இருக்கும். முகப்பில் என்ன பெயின்ட் அடித்தாலும் ஆள் நிற்கமாட்டார். முதல் கோளாறு எதிரெதிர் கூண்டு. நாள் முழுக்க ஒரு நாய் இன்னொன்றை முறைத்துக்கொண்டே இருக்கும். ஒன்று குரைத்தால் 60ம் குரைக்கும். மூடிய கட்டடத்தில் 100 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். குழந்தையோடு வந்த குடும்பம் காதைப் பொத்திக்கொண்டு நடையின் பாதியிலேயே திரும்பிவிடும். அந்த நாய்களின் நல்ல குணத்தை யாரும் பார்க்கவே முடியாது.

அடுத்தது, 60 என்ற எண். கூண்டு எத்தனை வேண்டும் என்பதை நிலத்தை வைத்து முடிவுசெய்யக்கூடாது. ஒரு நாளைக்கு வரும் நாயை, சராசரியாக ஒரு நாய் தங்கும் நாட்களால் பெருக்குங்கள். மாதம் 40 என்றால் நாளுக்கு 1.33. ஒவ்வொன்றும் 45 நாள் தங்கினால் 60 கூண்டு வேண்டும். 30 நாளில் வெளியே போனால் 40 போதும். 21 நாள் என்றால் 28. அதே பணத்தில் பாதிக் கூண்டு கட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு மடங்கு நன்றாகக் கட்டினால், நாய் குரைத்து வெறிக்காமல் மனிதர்களிடம் வரும். தங்கும் நாள் தானாகக் குறையும். கூண்டைக் கூட்டிக்கொண்டே போனால் தங்கும் நாளும் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

ஆள் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிராணிக்குச் சுத்தம் செய்யவும் தீனி வைக்கவும் மட்டும் நாளுக்கு 15 நிமிடம் என்பது ஷெல்டர்களில் பொதுவாக வைக்கும் குறைந்தபட்ச அளவு. 60 நாய், 20 பூனைக்கு 20 மணி நேரம். அதாவது 8 மணி நேர வேலைக்கு இரண்டரை ஆள். லீவு நாளையும் சேர்த்தால் நான்கு பேர் சம்பளம். அதற்கு வழி இல்லாமல் 60 கூண்டு கட்டினால் அழுக்கும் நோயும்தான் மிச்சம்.

என் யோசனை: 28 இரட்டைக் கூண்டு, தத்தெடுக்க வருகிறவருக்கு நாயைக் காட்ட 8 காட்சி அறை.

இரட்டைக் கூண்டு என்றால் உள்ளே 4க்கு 6, வெளியே 4க்கு 6, நடுவில் மூடித் திறக்கும் கதவு. நாயை ஒரு பக்கம் தள்ளிக் கதவைப் போட்டுவிட்டு மறுபக்கத்தைக் கழுவலாம். சங்கிலி போட்டு வெளியே இழுத்துவர வேண்டாம், கடி இல்லை, நோய் தொற்றும் வாய்ப்பும் குறைவு. தூங்கும் இடமும் அசுத்தம் செய்யும் இடமும் தனித்தனி என்பதால் நாய்க்கு வீட்டுப் பழக்கம் கெடாது. தத்துப் போன வீட்டில் ஹாலிலேயே போய்விடுகிறது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்களே, ஒற்றைக் கூண்டில் மாதக்கணக்கில் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். ராஜபாளையம், லேப்ரடார் மாதிரிப் பெரிய உடம்புக்கு நான்கைந்தை மட்டும் 5 அடி அகலமாகப் போடுங்கள்.

ஏழேழாக நான்கு பிளாக். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரே வரிசைதான், எதிரே வெறும் சுவர். வடக்கே இரண்டு, தெற்கே இரண்டாக நான்கும் ஒரு முற்றத்தின் இரு பக்கமும் நிற்கட்டும், வெளிப்பக்கக் கூண்டுகள் முற்றத்தைப் பார்க்கட்டும். அந்தந்தக் கூண்டு நேரெதிரே தெரியாதபடி முற்றத்தில் நெருக்கமாகச் செடி வையுங்கள். வடக்கு பிளாக்குகளில் வடக்கு ஓரமாக நடை, அதற்கு ஜன்னல் இல்லாத 9 இஞ்ச் சுவர், மேலே மட்டும் காற்றுத் துவாரம். சத்தம் வீடுகள் பக்கம் போக சுவரையும் நடையையும் தாண்டவேண்டும். 2007-ல் திறந்த ஆம்ஸ்டர்டாம் காப்பகத்தில் இதே யுக்திதான். நீளமான ஒல்லிக் கட்டடத்தை மடித்து உள்முற்றங்களைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள், குரைப்பு உள்ளேயே அடங்கிவிடுகிறது.

திசையையும் பாருங்கள். கிழமேலாக நீளம் வைத்தால் மேற்கு வெயில் கூண்டில் விழாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உங்கள் ஊரில் மண்ணையும் மழையையும் அள்ளி அடிக்கும். மேற்குப் பார்த்துக் கூண்டு வாயைத் திறக்காதீர்கள். நோய்ப் பிரிவைக் கிழக்குக் கோடியில் வையுங்கள்.

தகர ஷீட் வேண்டவே வேண்டாம். சித்திரையில் அடுப்பு, ஐப்பசி மழையில் பறை. 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (நடுவில் ஃபோம் வைத்த தகடு) போடுங்கள். முடியாவிட்டால் ஷீட்டுக்கு மேல் வெள்ளைக் கூல் பெயின்ட், கீழே ஒரு அடி விட்டுச் சீலிங். ஓரத்தில் 9 அடி, உச்சியில் 12 அடி, உச்சி நெடுக சூடு வெளியேற வாய்.

தரை பற்றி: சாதாரண சிமென்ட் தரை மூத்திரத்தைக் குடிக்கும். ஒரே வருஷத்தில் எதைப் போட்டுக் கழுவினாலும் நாற்றம் போகாது. எபாக்ஸி பூச்சு நல்லது, ஆனால் அடியில் ஈரம் இருந்தால் அப்பளமாக உரிந்துவரும். கான்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் சொரசொரப்பான வைட்ரிஃபைட் டைல்ஸ், இடுக்குக்கு எபாக்ஸி கிரவுட். சுவரும் தரையும் சேரும் மூலையை உருட்டி வளைத்துவிடுங்கள். வாட்டம் அடிக்கு கால் இஞ்ச், 6 அடிக்கு ஒன்றரை இஞ்ச். கொத்தனார் "போதும் சார்" என்பார், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். சாக்கடை கூண்டுக்கு வெளியே, மூடியோடு. ஒரு கூண்டின் தண்ணீர் அடுத்த கூண்டு வழியாக ஓடவே கூடாது. குழாய் 6 இஞ்ச், பிளாக்குக்கு ஒரு முடிப் பொறி (தண்ணீரில் வரும் நாய் முடியைத் தடுப்பது), வாரம் ஒருமுறை கையால் எடுக்கிற உயரத்தில்.

---

ஊசிமருந்து:

கட்டடக் கணக்கு சரி. மருத்துவப் பக்கம் சில திருத்தம்.

நோய்ப் பிரிவு காற்று போகிற கிழக்குப் பக்கம் இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் காப்பகத்தில் பார்வோ (நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் வைரஸ்) காற்றில் பறந்து வருவதில்லை. செருப்பிலும் வாளியிலும் துடைப்பத்திலும் கையிலும் வருகிறது. 'கடைசியில் ஒரு அறை' என்பது அதனால்தான் ஆபத்து. வேலைக்காரர் அந்த அறைக்குப் போய்விட்டு அதே நடையில் 60 கூண்டையும் கடந்து வருவார். நோய்ப் பிரிவுக்கு வெளியிலிருந்து நேர் வாசல், சொந்தக் குழாய், சொந்தத் தொட்டி, சொந்தச் சாக்கடை, அங்கேயே தொங்கும் கோட்டு, கம்பூட்ஸ். வாளி, பிரஷ் எல்லாவற்றுக்கும் சிவப்பு நிறம், அந்தச் சிவப்பு வேறெங்கும் கண்ணில் படக்கூடாது. வயிற்றுப்போக்கு நாய்க்கும் இருமல் நாய்க்கும் ஒரே அறை கூடாது. பூனைக்குத் தனி. வாசலில் கிருமிநாசினித் தட்டு வைத்து மிதித்துப் போவது ஒரு சமாதானம்தான். மண் விழுந்த பத்தாவது நிமிடம் அது வெறும் அழுக்குத் தண்ணீர். பூட்ஸை மாற்றுவதுதான் வேலை செய்யும்.

சுத்தம் செய்யும் வரிசை: முதலில் குட்டிகள், பிறகு நலமான பெரிய நாய்கள், பிறகு தொற்றுக்கு ஆளாகி இருக்கலாம் என்று தனியே வைத்தவை, கடைசியாக நோய்ப் பிரிவு. முடிந்தால் நோய்ப் பிரிவுக்குத் தனி ஆள்.

பினாயில் வாங்காதீர்கள். பார்வோவுக்கு அது ஒன்றும் செய்யாது, பூனைக்கு விஷம். குவாட் (குவாட்டர்னரி அமோனியம்) வகைக் கிருமிநாசினிகளையும் பார்வோ விஷயத்தில் நம்பவேண்டாம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, 10 சதவீதக் கேன் என்றால் 15 மில்லி. முதலில் மலத்தை உலர்வாக அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, அலசி, அதன்பிறகு இதை ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டு, மறுபடி அலசி, வழித்து உலர்த்தவேண்டும். அழுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் குளோரின்தான் செத்துப்போகும். கலந்த கரைசல் அன்றைக்கு மட்டும். கேனை வெயிலில் வைத்தால் சத்து போய்விடும். பிராணி உள்ளே இருக்கும்போது பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள், கிருமியைச் சாரலாக்கிப் பக்கத்துக் கூண்டுக்கும் அனுப்பும்.

வரும் வாசலும் போகும் வாசலும் தனித்தனியாக இருக்கவேண்டும். நாயைக் கொண்டுவந்து விடுகிறவர், தத்தெடுக்க வருகிறவர் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு வரவே கூடாது. வரும் அறையில் எடை மெஷின், எஃகு மேஜை, ஊசி வைக்கும் பிரிட்ஜ், தோலுக்கடியில் உள்ள அடையாளச் சிப்பைப் படிக்கும் சிப் ரீடர். பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட தொற்று நோய்களுக்கான டிஎச்பிபிஐ ஊசி அந்த மேஜையிலேயே, கூண்டுக்குப் போவதற்கு முன்பே போடவேண்டும். 'டாக்டர் நாளைக்கு வருவார்' என்பதுதான் தொற்றுக்கு வழி. காப்பகத்தில் குட்டிகளுக்கு 4 முதல் 6 வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சுமார் 20 வாரம் ஆகும்வரை. வெறிநாய் ஊசி 12 வாரத்தில். கடித்த நாய்க்கு 10 நாள் கண்காணிப்பு. அதற்குப் பூட்டுள்ள இரண்டு தனிக் கூண்டு, பார்வையாளர் வழியில் இல்லாமல்.

உண்ணியைக் கட்டும்போதே தடுக்கவேண்டும். இரத்தம் குடித்து இறங்கிய உண்ணி சுவரில் ஏறி, சீலிங் ஓரத்திலும் கதவுச் சட்ட இடுக்கிலும்தான் முட்டையிடும். பூசாத செங்கல், கீற்று, மரச்சட்டம் எதுவும் வேண்டாம். ஒயர் போகும் துளைகளையும் அடையுங்கள். உண்ணி மருந்து அடிக்கும்போது பெர்மெத்ரின் கலந்ததைப் பூனை இருக்கும் பக்கம் கொண்டுபோகவே கூடாது, செத்துவிடும்.

கருத்தடை வேலை வந்தால் அதற்குத் தனிக் கட்டடம். 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அந்த நாய்கள் பிடித்த இடத்துக்கே திரும்பவேண்டும், அவை தத்துக்குக் காட்டும் நாய்கள் அல்ல. 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றமும் பொதுவாக அதையே வைத்தது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் மனு கொடுக்கலாம், அது திரும்பத் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு. நவம்பர் 7 உத்தரவில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று வந்தது. அவற்றை வைத்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம் வருவார்கள். எத்தனை, எவ்வளவு காலம், செலவு யாருடையது என்று எழுத்தில் இல்லாமல் ஒப்புக்கொண்டால் உங்கள் 36 இடமும் ஒரே வாரத்தில் நிரம்பிவிடும்.

---

பூனைத்திண்ணை:

தத்துப் பக்கம் நான் சொல்றேன். ஒன்றை மனசுல வச்சுக்கோங்க, தத்தெடுக்க ஆசை இருக்கறவங்கள்ல பலபேர் காப்பகம்னாலே அழுகை வரும்னு பயந்து வராம இருக்கறவங்க. அவங்க ரோட்டுல போறப்பவே உள்ளே நல்லாயிருக்குன்னு தெரியணும்.

அதனால பூனையை மாடிக்கு ஏத்தாதீங்க. மொட்டை மாடிச் சூடு, வயசானவங்க ஏறமாட்டாங்க, மேலே ஒரு ஹால் இருக்குன்னே பலருக்குத் தெரியாது. தெற்கு ரோட்டைப் பார்த்த முன்பக்கத்துல ஆபீஸுக்குப் பதிலா பூனை அறை வைங்க. பெரிய கண்ணாடி, உள்ளே மூணு உயரத்துல பலகை, பூனை வெயில் காய்ஞ்சுட்டு இருக்கும். அதைவிட நல்ல போர்டு கிடையாது. நாய்ச் சத்தம் அங்கே கேட்கக்கூடாது. பூனைக்கு மனக்கலக்கம் வந்தா ரெண்டே வாரத்துல தும்மலும் கண்ணுல நீரும் வரும், அப்புறம் யாரும் தொடமாட்டாங்க.

கூட்டு அறையில ஒரு பெரிய பூனைக்கு 18 சதுர அடி. 10க்கு 11 அறையில 6 பூனைக்கு மேல வேண்டாம். இப்படி ரெண்டு அறை. மீதி எட்டுக்கு இரட்டைப் பெட்டி, ரெண்டு பெட்டிக்கு நடுவே வட்டத் துளை, ஒரு பக்கம் மண் தட்டு, மறுபக்கம் சாப்பாடு, மொத்தம் 8 சதுர அடிக்குக் குறையாம. ஒவ்வொண்ணுலயும் ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம். 'ஒளிஞ்சுக்கிட்டா ஜனங்க எப்படிப் பார்ப்பாங்க'ன்னு எடுத்துடுவாங்க. ஒளிய இடம் இருக்கற பூனைதான் ரெண்டாம் நாளே தைரியமா வெளியே வரும். கொசுவலையைக் கிழிச்சுடும், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) மெஷ் போடுங்க.

நாய் விஷயத்துல எல்லா நாயையும் காட்டாதீங்க. 36 நாயைப் பார்த்தவர் ஒண்ணையும் தேர்ந்தெடுக்கமாட்டார், மனசு கனத்துப்போய் கிளம்பிடுவார். செங்கல்சூளை சொன்ன 8 காட்சி அறை போதும். 8க்கு 10, முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஒரு பழைய சோபா, ஒரு பாய், ஒரு ஃபேன். அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோ எஸ்பிசிஏங்கற விலங்கு நலச் சங்கம் 1998-ல இப்படித்தான் கூண்டை எடுத்துட்டு வீட்டு அறை மாதிரி வச்சாங்க. நாய் சோபாவுல படுத்திருக்கறதைப் பார்த்தா நம்ம வீட்டுலயும் இப்படித்தான் படுக்கும்னு கண்ணுக்குத் தெரியும். உள் பிளாக்குல இருக்கறதை முறைவச்சு மாத்திட்டே இருங்க.

வர்றவர் முதல்ல பார்க்கறது பெரிய நாட்டு நாய்களா இருக்கட்டும், கடைசியில ஹஸ்கி, லேப், குட்டி. குட்டியை முதல்ல காட்டினா அப்புறம் ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. குட்டியைக் கண்ணாடி வழியாத்தான் பார்க்கணும், ஊசி முடியாத குட்டியைக் கூட்டத்துல தூக்கிக் கொடுக்கவே கூடாது.

சந்திப்பு அறை ரெண்டு வேணும், 10க்கு 10. கூண்டு முன்னாடி நின்னு யாரும் முடிவெடுக்கறதில்லை, பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாத்தான். இதுல அமெரிக்காவுல நடந்த ஆய்வுலயே தெரிஞ்ச விஷயம்: வந்தவர் பக்கத்துல போய் அமைதியாப் படுக்கற நாய் சீக்கிரம் வீடு போகுது, விளையாடக் கூப்பிட்டும் கண்டுக்காத நாய் தங்கிப்போகுது. அதனால நாயை முதல்ல வெளியே 10 நிமிஷம் நடக்கவிட்டு, மூத்திரம் போகவிட்டு, அப்புறம் உள்ளே கூட்டிட்டு வாங்க. அறையில 20 பொம்மை வேண்டாம், அந்த நாய்க்குப் பிடிச்ச ஒண்ணு போதும். கீழே உட்காரத் தாழ்வான பெஞ்ச். வெளியே 15க்கு 20ல வேலி போட்ட ஒரு புல் தரை, வீட்டுல ஏற்கெனவே நாய் இருக்கறவங்க கூட்டிட்டு வந்து பழக்கிப் பார்க்க.

நேரம் காலை 10 முதல் 4ன்னு வச்சா வேலைக்குப் போறவங்க யாரும் வரமுடியாது. மதியம் 1 முதல் 7, ஞாயிறு முழுநாள், லீவை செவ்வாய்க்கிழமை வைங்க.

---

சூலூர்_அறக்கட்டளை:

மூவருக்கும் நன்றி. இன்ஜினியரிடம் காட்டியதில் மூன்று சந்தேகம் சொல்கிறார். இரட்டைக் கூண்டின் நடுவில் மேலே தூக்கித் திறக்கும் கில்லட்டின் கதவு ஆறு மாதத்தில் மாட்டிக்கொள்ளும், வேண்டாம் என்கிறார். கழிவுநீரை ஆபீஸ் செப்டிக் டேங்கிலேயே விட்டுவிடலாம் என்கிறார். சத்தத்துக்குச் சீலிங்கில் முட்டை அட்டை ஒட்டினால் போதுமாம். பணமும் ஒரே தவணையில் இல்லை, முதல் கட்டத்துக்குப் பாதிதான் கையில் இருக்கிறது.

---

கொக்கிக்கம்பி:

கில்லட்டின் மாட்டிக்கொள்வது கீழே சேனல் வைப்பதால். முடி, மண், சோறு எல்லாம் அதில் இறுகிவிடும். கீழ்ச் சேனலே வேண்டாம். இரண்டு பக்கச் சேனல் மட்டும், தரையிலிருந்து அரை இஞ்ச் மேலே நிற்க ஒரு கட்டை. பலகை 10 மில்லிமீட்டர் எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) ஷீட், இரும்பு வேண்டாம், கனமும் துருவும். வாய் 18 இஞ்ச் அகலம், 28 இஞ்ச் உயரம். எஸ்எஸ் கம்பிக் கயிறு, இரண்டு கப்பி, நடையில் நின்று இழுத்து மாட்ட ஒரு கொக்கி. நைலான் கயிறு போட்டால் ஒரு நாள் அறுந்து நாயின் முதுகில் விழும். அதற்கும் பயமாக இருந்தால் பக்கவாட்டில் நகரும் கதவு, முன்னால் நின்று கம்பியால் தள்ளுகிற மாதிரி. செலவு ஏறக்குறைய அதேதான்.

இன்னும் சில. பக்கத்துக் கூண்டுச் சுவர் 4 அடிக்குக் கெட்டியாக இருக்கவேண்டும், மூக்கும் மூக்கும் தொடக்கூடாது. அதற்கு மேல் மெஷ். முன் கேட் 6 அடி, 2க்கு 2 இஞ்ச் 10 கேஜ் வெல்ட் மெஷ். குட்டி வைக்கிற கூண்டுக்கு 1 இஞ்ச். கேட்டின் கீழ் 2 அடிக்குத் தகடு அடைத்துவிடுங்கள், நடந்துபோகிற நாயின் கால் தெரியாது, குரைப்பு குறையும். தாண்டுகிற நாய்க்கு மேலும் மெஷ். கேட் உள்பக்கம் திறக்கவேண்டும், நாய் மோதினால் மூடிக்கொள்ளும். தாழ்ப்பாள் நாய் கம்பிக்கிடையே மூக்கை நீட்டித் தட்டமுடியாத இடத்தில், கராபினர் (ஸ்பிரிங் வைத்த) கொக்கி ஒன்று கூடவே. பிளாக் வாசல் எல்லாமே இரட்டைக் கதவு, முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவதைத் திறக்கக்கூடாது. பெயின்ட் அடித்த இரும்பு மூத்திரத்தில் கீழே ஒரு சாண் அளவுக்கு இற்றுப்போகும். வெல்டிங் முழுக்க முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) கொடுங்கள். கால்வனைஸ் செய்த பைப்பை வாங்கி வெல்டு வைத்தால் முதலில் துரு பிடிப்பது அந்த வெல்டுதான்.

---

செங்கல்சூளை:

முட்டை அட்டை வேண்டாம். கழுவமுடியாது, தீப்பிடிக்கும், பல்லியும் எலியும் குடியேறும், சத்தமும் அதனால் பெரிதாகக் குறையாது. 50 மில்லிமீட்டர் ராக்வூலை (கல் நாரால் ஆன பஞ்சுப் பலகை) மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி, துளையிட்ட அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் சீலிங்கில் மாட்டுங்கள். உள்ளறைகளுக்கும் நடைக்கும் மட்டும் போதும். பூனைத்திண்ணை சொன்ன கண்ணாடியோடு எனக்கு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு உண்டு. கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடிக்கும், காற்றையும் அடைக்கும். காட்சி அறைகளில் 5 அடி உயரத்துக்கு மட்டும் கண்ணாடி, மேலே மெஷ், பின் சுவரில் எக்ஸாஸ்ட். மணிக்கு 10 முறையாவது அறைக் காற்று மாறவேண்டும். 8க்கு 10க்கு 10 அறை என்றால் 800 கன அடி, 10 முறை என்றால் மணிக்கு 8,000 கன அடி. அதாவது நிமிடத்துக்கு 133 கன அடி இழுக்கும் ஒரு சின்ன ஃபேன் போதும். அவற்றை இன்வெர்ட்டரில் போடுங்கள்.

செப்டிக் டேங்க் யோசனையை ஒதுக்குங்கள். குளோரின் தண்ணீர் போனால் டேங்கில் வேலை செய்கிற பாக்டீரியா செத்துவிடும், தண்ணீரின் அளவும் தாங்காது. மலத்தை உலர்வாக அள்ளி மூடிய தனிக் குழிக்கு. கழுவிய நீருக்கு முடிப் பொறி, பிறகு மூன்று அறையுள்ள படிவுத் தொட்டி. நோய்ப் பிரிவின் தண்ணீர் தனித் தொட்டி. மழைத்தண்ணீர் கூண்டுச் சாக்கடையில் கலக்கவே கூடாது, ஐப்பசியில் எல்லாம் பின்னுக்கு ஏறும்.

பாதிப் பணம்தான் என்றால் இந்த வரிசை: பூமிக்கு அடியில் போகிற குழாய், தொட்டி முழுவதும் நான்கு பிளாக்குக்கும் இப்போதே. பிறகு வரும் அறை, நோய்ப் பிரிவு, இரண்டு பிளாக், முன்பக்கப் பூனை அறை, நான்கு காட்சி அறை, ஒரு சந்திப்பு அறை. ஆபீஸுக்கு ஒரு ஷெட் போதும், அது காத்திருக்கட்டும். 14 கூண்டும் 4 அறையும் என்றால் 18 நாய். அதற்கு மேல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆட்களிடம் அனுப்புங்கள். நடையில் சங்கிலி போட்டுக் கட்டத் தொடங்கினீர்களென்றால் மேலே எழுதியது எல்லாம் வீண்.

---

ஊசிமருந்து:

ஒரு சேர்க்கை. வருகிற எல்லா நாயையும் 14 நாள் பூட்டிவைக்கும் வழக்கம் இருக்கிறது. நலமாக இருக்கும் பெரிய நாய்க்கு, ஊசி போட்டாயிற்று, கடித்த தகவலும் இல்லை என்றால், அதற்கு அவசியமில்லை. தங்கும் நாளை இரண்டு வாரம் கூட்டுவதுதான் மிச்சம். பார்வோ, டிஸ்டெம்பர் நாயோடு இருந்தவற்றை மட்டும் தனியே வையுங்கள். யாராவது விட்டுப்போன, சிப் உள்ள நாய்க்கு உரிமையாளரைத் தேடும் நாட்கள் வேறு கணக்கு. அப்போதும் ரோட்டோரப் போட்டோ பலகையில் உடனே போட்டுவிடலாம்.

---

பூனைத்திண்ணை:

கண்ணாடி 5 அடி சரி, ஒத்துக்கறேன். ஒவ்வொரு கேட்டுலயும் ஒரு சின்ன டப்பா தொங்கவிடுங்க, உள்ளே தீனி. போறவர் வர்றவர் எல்லாரும், நாய் குரைச்சாலும் குரைக்காட்டாலும், ஒண்ணைப் போட்டுட்டுப் போகணும். ஆள் வந்தா நல்லது நடக்கும்னு பழகிட்டா குரைப்பு தானா குறையும்.

கேட்டுல மாட்டற அட்டையில 'மிகவும் அன்பானவன்'னு எழுதாதீங்க, எல்லா நாய்க்கும் அதையே எழுதறாங்க. சங்கிலியில எப்படி நடக்குது, எத்தனை மணி நேரம் தனியா இருக்கும், பஸ் ஹாரனுக்குப் பயப்படுதா, பூனையைப் பார்த்தா என்ன பண்ணும், தயிர்சாதம் சாப்பிடுமா. தமிழ்ல, பெரிய எழுத்துல. கெட்டதும் ஒண்ணு இருக்கணும். 'செருப்பைக் கடிக்கும்'னு முன்னாடியே படிச்சவர் அதுக்காகத் திருப்பிக் கொண்டுவரமாட்டார்.

விண்ணப்பத்தை நாலு பக்கம் வைக்காதீங்க. உட்காரவச்சுப் பேசுங்க. கேட்கவேண்டியது வாடகை வீடா, ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா, வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனா யார் பார்ப்பாங்க. ஹவுஸ் ஓனருக்கு அங்கேயே போன் போடச் சொல்லுங்க, நாய் திரும்பி வர்றதுக்கு அது ஒரு பெரிய காரணம். அபார்ட்மென்ட் சங்கம் செல்லப்பிராணியைத் தடைபண்ண முடியாதுன்னு 2015-லயே விலங்கு நல வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கு. அதோட நகல் ஒண்ணு கோப்புல வச்சுக் கொடுங்க.

கருத்தடை ஆகாம பெரிய நாயை அனுப்பவேண்டாம். குட்டின்னா திருப்பித் தர்ற முன்பணம் வாங்கி, ஆபரேஷன் தேதியைக் குறிச்சே அனுப்புங்க. கையில ஊசி அட்டை, சிப் நம்பர், மூணு நாளுக்கு இங்க சாப்பிட்ட அதே தீனி, கழுத்துப்பட்டை. மூணாம் நாள், மூணாம் வாரம், மூணாம் மாசம் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. முதல் ராத்திரி முழுக்க ஊளையிடும்னு சொல்லியே அனுப்பினா பாதிப் பிரச்சினை இல்லை.

தீபாவளிக்கு முந்தின பத்து நாள் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்பாதீங்க. வெடிச் சத்தத்துல மிரண்டு ஓடினா அந்தத் தெருவும் தெரியாது, கூப்பிடற குரலும் பழகியிருக்காது. தேர்ந்தெடுத்து பேர் எழுதி வச்சுட்டு, பண்டிகை முடிஞ்ச ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.